விளக்கெண்ணெய், செம்மறித்தோல், மின்கம்பி

பழைய போர் விமானி என்றதும் எல்லார் மனதிலும் வருவது ஒரே படம்தான். பழுப்புத் தோல் ஜாக்கெட், கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று உரோமக் காலர், அதற்குள் வெள்ளைப் பட்டுத் துண்டு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்த ஜாக்கெட்டின் நகல்கள் இன்றும் உலகமெங்கும் விற்கின்றன. நானே அந்தத் தொழிலில் கொஞ்ச காலம் சோறு தின்றிருக்கிறேன், அதை அப்புறம் சொல்கிறேன். அந்த ஜாக்கெட் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. குளிரிலிருந்து விமானிகளைக் காப்பாற்றிய பெருமை முழுவதையும் அது தனியாகத் தட்டிக்கொண்டு போகிறதே, அதுதான் பொறுக்கவில்லை. அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவை பார்க்க லட்சணமில்லாத உருப்படிகள்: எண்ணெய் ஊறிய ஓர் அழுக்கு ஓவரால், உள்ளாடை மாதிரி இருக்கும் வெளிர்நீலக் கம்பி உடுப்பு, தடித்த கையுறைக்குள் போடும் மெல்லிய பட்டுக் கையுறை.

எவ்வளவு குளிர் என்று முதலில் பார்த்துவிடலாம். மேலே போகப் போக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தரையில் 15 டிகிரி என்றால் 25,000 அடியில் மைனஸ் 34, 35. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அதே உயரத்தில் மைனஸ் 40-க்கும் கீழே போவது உண்டு. முதல் உலகப் போரின் விமானங்கள் 1917 வாக்கில் 15,000 அடிக்கு மேல் பறந்தே சண்டை போட்டன. மேலே கூரை கிடையாது. விமானியின் முகத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் காற்று வந்து அறையும். முகத்தில் திமிங்கலக் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஏறுவார்கள்.

உடுப்பு எதுவும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அது ஓடிப்போகாமல் பிடித்துவைப்பதுதான் உடுப்பின் வேலை. பிடித்துவைப்பதும் துணியோ தோலோ அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கிற காற்று. கம்பளி இழையே காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது சுருள் சுருளாக இருப்பதால் இடையில் காற்று சிறைப்படுகிறது. கம்பளி கதகதப்பாக இருப்பது அதனால்தான். அந்தக் காற்று அசைந்துவிட்டால் எவ்வளவு கனமான உடுப்பும் வீண். நனைந்துவிட்டால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஆக விமானிக்கு எதிரிகள் மூன்று: குளிர், காற்று, தன் சொந்த வியர்வை. முதல் எதிரியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். மற்ற இரண்டுதான் ஆளைச் சாய்த்தவை.

முதல் உலகப் போர் தொடங்கியபோது இதெல்லாம் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் மோட்டார் ஓட்டுபவர்களுக்கென்று கடைகளில் விற்ற நீளமான தோல் கோட்டுகளைத் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். தோல் கோட்டு காற்றைத் தடுக்கும், ஆனால் கோட்டு என்பது கீழே திறந்த சமாச்சாரம். உட்கார்ந்தால் முழங்காலுக்கு மேல் விரியும், காற்று அடியில் புகுந்து மேலே வரும். லானோ ஹாக்கர் என்ற பிரிட்டிஷ் விமானி தொடை வரை ஏறும் செம்மறித்தோல் பூட்ஸைத் தானே வடிவமைத்து, லண்டன் ஹாரட்ஸ் கடையில் செய்யச் சொல்லி வாங்கினார், அது பரவியது. பஞ்சாபிலிருந்து போன ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகையைக் கழற்ற மறுத்ததால் அதற்கு மேல் மாட்டும்படி பெரிய தலையுறை ஒன்று தனியாகச் செய்யப்பட்டது. அந்தக் காலத்து விமானிகளின் உடுப்பு இப்படி ஆளுக்கொரு விதமாகத்தான் இருந்தது.

இதில் திருப்பத்தைக் கொண்டுவந்தது சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர். பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தவர். 1916-17 குளிர்காலத்தில் ஒருநாள் எஞ்சினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது உடனே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. உடை மாற்ற நேரமில்லை. எண்ணெயும் கிரீஸும் படிந்த ஓவராலோடு ஏறிப் பறந்துவிட்டார். இறங்கியபோது உரோமமும் தோலும் போட்டிருந்த மற்றவர்கள் விறைத்துப்போயிருந்தார்கள். இவருக்கு மட்டும் அவ்வளவாகக் குளிரவில்லை. வேறு யாராவது இருந்தால் நல்லவேளை என்று குளிக்கப் போயிருப்பார்கள். காட்டன் அந்த அழுக்குத் துணியை எடுத்துப் பார்த்தார். நூல்களுக்கு இடையிலுள்ள துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டிருந்தது. காற்று உள்ளே புகவில்லை, உள்ளிருந்த சூடு வெளியே போகவில்லை.

அந்தக் காலத்து விமான எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. சுழல் எஞ்சின்கள் என்று ஒரு வகை. எஞ்சினே முழுசாகப் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றியது நம் விளக்கெண்ணெய். பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகிற அமைப்பு அது. சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும், விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆமணக்கு விதைக்கு அன்று உலகம் பெரிதும் நம்பியிருந்தது இந்தியாவை. ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பிச் சுற்றாது, எரிந்ததும் எரியாததுமாக வெளியே தெறித்துவிடும். விமானியின் கண்ணாடி, முகம், சட்டை எல்லாம் விளக்கெண்ணெய். அந்த வெள்ளைப் பட்டுத் துண்டு அலங்காரத்துக்கு வந்ததல்ல; எதிரியைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் காலர் உராய்ந்து தோல் போகும், அதற்கு ஒரு தடுப்பு. கண்ணாடியில் படிந்த எண்ணெயைத் துடைக்கவும் ஆயிற்று. அந்த ஆவியை மணிக்கணக்கில் சுவாசித்து விழுங்கியவர்களின் வயிறு என்ன ஆயிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிமார்கள் மாதம் ஒருமுறை செய்த வைத்தியம், அவர்களுக்குத் தினமும் நடந்தது.

காட்டன் லண்டனில் ராபின்சன் அண்ட் க்ளீவர் என்ற ஜவுளிக்கடைக்குப் போய், தான் கண்டுபிடித்ததை ஓர் உடுப்பாகத் தைக்கச் சொன்னார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உருப்படி. உள்ளே மெல்லிய உரோமம், நடுவில் காற்றுப் புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த இலேசான பருத்தி. உரோமம் காற்றைப் பிடித்துவைக்கும், பட்டு அதை அசையவிடாது, பருத்தி இரண்டையும் கிழியாமல் காக்கும். முன்பக்கத் திறப்பு நேராக வராமல் மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும். எதிர்காற்று நேரே நுழைய வழியில்லை. முழங்காலுக்கு அருகே பெரிய பைகள், உட்கார்ந்தபடியே வரைபடத்தை எடுக்க. தன் பெயரையே சுருக்கி ‘சிட்காட்’ என்று வைத்தார். 1917-இல் வந்தது, சின்னச் சின்ன மாற்றங்களோடு இரண்டாம் உலகப் போர் வரை பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தது. தையல் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு வெட்டு இத்தனை வருடம் நிற்பது சாதாரணம் இல்லை.

இதே மனிதர் 1939-இல், போர் தொடங்கும் முன்பே, ஒரு லாக்ஹீட் விமானத்தில் ரகசியமாகக் கேமராக்களைப் பொருத்தி ஜெர்மனியை மேலிருந்து படமெடுத்தார். உயரத்தில் லென்ஸில் பனி படிந்து படம் கெட்டுப்போவது அன்றைக்குப் பெரிய தொல்லை. விமானத்துக்குள்ளிருந்த வெதுவெதுப்பான காற்றைக் கேமராக்களைக் கடந்து வெளியேறும்படி விட்டார், தொல்லை தீர்ந்தது. காற்றை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஓடவிட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை.

சரி, செம்மறித்தோலுக்கு வருவோம். லெஸ்லி இர்வின் அமெரிக்கர், பாராசூட் காரர். 1919 ஏப்ரலில் விமானத்திலிருந்து குதித்து, சிறிது தூரம் சும்மா விழுந்து, பிறகு தானே கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்துக் காட்டினார். அதுவரை அப்படி விழுந்தால் நினைவு தப்பிவிடும் என்று பலர் நம்பியிருந்தார்கள். கம்பெனி ஆரம்பித்தபோது எழுத்தர் கைப்பிழையில் பெயர் ‘இர்விங்’ என்று பதிவாகிவிட்டது. அவரும் மெனக்கெட்டு மாற்றவில்லை. 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை போட்டார். 1930-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்ததுதான் இர்வின் ஜாக்கெட். செம்மறித்தோலை உரோமத்தோடு பதனிட்டு, உரோமம் உள்ளேயும் தோல் வெளியேயுமாகத் தைத்தது. பாராசூட் பட்டைகள் தடையில்லாமல் மாட்ட வேண்டும் என்பதால் இடுப்போடு நின்றுவிடும். அமெரிக்காவில் 1934-இல் பி-3 என்ற ஜாக்கெட் இதே யோசனையில் வந்தது, ஏ-3 கால்சட்டையோடு.

நான் சென்னையில் தோல் உடுப்பு ஏற்றுமதி செய்த ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பழைய இர்வின் ஒன்றைச் சாம்பிளாக அனுப்பினார். அதே மாதிரி வேண்டுமாம். மேசையில் வைத்ததும் ‘தொப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவு கனம். தோளில் தோல் வெடித்து வெள்ளை தெரிந்தது, உள்ளே உரோமம் அமுங்கி மஞ்சளாகி, கழுத்துப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. கைகளில் மணிக்கட்டிலிருந்து மேலே போகும் ஜிப். பேட்டர்ன் மாஸ்டர் ஒவ்வொரு துண்டாக விரலால் தடவிக்கொண்டே வந்தவர் முதுகில் வந்து நின்றுவிட்டார்.

“தம்பி, இந்த முதுகுல எத்தனை துண்டு இருக்கு பாருங்க. இவ்வளவு ஒட்டு எதுக்குப் போட்டான்?”

“தோல் கிடைக்கல மாஸ்டர். சண்டை முத்தினப்போ தட்டுப்பாடு. சின்னத் துண்டைக்கூட விடாமத் தச்சிருக்காங்க.”

“அப்ப சரி. நம்ம மாதிரிதான் அவங்களும் கழிவு பாத்திருக்காங்க.” பிறகு எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார். அது ஒரு மே மாதம். “இதப் போட்டுக்கிட்டு இங்கன நின்னா அரை மணி நேரத்துல அவிஞ்சிருவோம்.”

போரின் தொடக்க கால ஜாக்கெட்டுகளில் பெரிய பெரிய துண்டுகள் இருக்கும், பிற்காலத்தவற்றில் ஒட்டு அதிகம். சேகரிப்பவர்கள் வயதைக் கணிக்கவே இதைப் பார்ப்பார்கள். தையல்காரருக்கு வேறு ஒன்று தெரியும். உரோமத்தோடு இருக்கும் தோலைச் சாதாரணத் துணி மாதிரி மடித்துத் தைக்க முடியாது, தையல் மேடு கட்டைவிரல் கனத்துக்கு வந்துவிடும். ஓரத்தில் உரோமத்தை வழித்துவிட்டு, இரண்டு விளிம்பையும் இணைத்து, மேலே ஒரு தோல் பட்டியை வைத்து ஓட்ட வேண்டும். பி-3 ஜாக்கெட்டில் தையல்மேல் ஓடும் பட்டிகள் அழகுக்கு வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டிகள் இல்லாவிட்டால் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் குளிர் காற்று நுழையும், இரண்டே மாதத்தில் தையலோடு தோல் கிழியும்.

இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததில் என்ன குறை? கனம். பரிமாணம். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் காக்பிட் தோளோடு தோள் உரசும் அளவுக்குக் குறுகலானது. இர்வினைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பின்னால் பார்ப்பது பெரும்பாடு. 1940 கோடையில் பிரிட்டனைக் காத்த விமானிகளில் பலர் சாதாரணச் சீருடைச் சட்டைமேல் மிதவை ஜாக்கெட்டை மட்டும் மாட்டிக்கொண்டு பறந்தார்கள். அதே ஸ்பிட்ஃபயரில் உயரத்தில் இயந்திரத் துப்பாக்கிகள் உறைந்து சுடாமல் போனபோது, ரேடியேட்டரிலிருந்து சூடான காற்றைக் குழாய் வைத்துத் துப்பாக்கிகளுக்குத் திருப்பினார்கள். விமானி வழக்கம்போல நடுங்கிக்கொண்டிருந்தார். யாருக்கு முதலில் சூடு என்பதில் அந்த நிர்வாகத்துக்குக் குழப்பமே இருக்கவில்லை.

அமெரிக்கர்களின் பி-38 (P-38) சண்டை விமானம் இதைவிட வேடிக்கை. ஒற்றை எஞ்சின் விமானங்களில் எஞ்சின் விமானியின் மூக்குக்கு நேரே இருக்கும், அதன் சூடு கொஞ்சமாவது காலுக்கு வரும். பி-38-இல் எஞ்சின்கள் இரண்டும் இரண்டு பக்கத்துக்குத் தள்ளிப் போய்விட்டன, நடுவில் விமானி தனியாக. ஐரோப்பாவில் நீண்ட தூரம் பறந்து திரும்பியவர்களில் சிலரைக் கைத்தாங்கலாகத்தான் காக்பிட்டிலிருந்து இறக்கினார்கள்.

ஆனால் குளிர் உண்மையில் ஆளைத் தின்றது குண்டுவீச்சு விமானங்களில்தான். இங்கிலாந்திலிருந்து பகலில் கிளம்பிய அமெரிக்க பி-17 விமானங்கள் 25,000 அடியை ஒட்டி ஆறு, எட்டு மணி நேரம் பறக்கும். இடுப்புப் பகுதியில் இரண்டு பக்கமும் ஜன்னல். ஜன்னல் என்றால் கண்ணாடி இல்லாத திறப்பு, அதன் வழியாகத் துப்பாக்கி நீட்டியிருக்கும். கன்னர்கள் அங்கேதான் நின்றார்கள். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் தடித்த கையுறையோடு அதைச் சரிசெய்ய முடியாது. கழற்றினார்கள். மைனஸ் 40-இல் இரும்பைத் தொட்ட விரலை எடுத்தால் தோல் இரும்போடு நின்றுவிடும். இரத்தம் ஓடாமல் சதையே உறைந்து கறுத்துப்போவதைப் பனிக்கடி என்கிறார்கள். விரல், காது, மூக்கு நுனி, பாதம் எல்லாம் போயின. 1942 ஆகஸ்டில் தொடங்கிய அந்தப் படையெடுப்பின் முதல் ஒன்றரை வருடத்தில், கனரகக் குண்டுவீச்சு விமானங்களின் ஆட்களில் எதிரியின் குண்டில் காயப்பட்டுப் பறப்பதை நிறுத்தியவர்கள் 1,200 பேர் சொச்சம், பனிக்கடியால் நிறுத்தியவர்கள் 1,600-க்கும் மேல். இறந்தவர்களை விட்டுவிட்டுக் காயக் கணக்கை மட்டும் பார்த்தால், ஜெர்மனியைவிடக் குளிருக்குத்தான் ஆள் அதிகம் போனது.

செம்மறித்தோல் ஏன் போதவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1941-இல் அமெரிக்காவில் உடுப்பின் கதகதப்பை அளக்க ‘க்ளோ’ என்று ஓர் அலகு வைத்தார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு ஒரு க்ளோ. எந்தப் பொருளாலானாலும் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 4 க்ளோ கிடைக்கும், சிறைப்பட்ட காற்றுதான் கணக்கு என்பதால். மைனஸ் 40-இல் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார 10 க்ளோ அளவுக்கு வேண்டும். அதாவது உடம்பு முழுக்க இரண்டரை அங்குலக் கனம். அதைப் போட்டுக்கொண்டு யார் துப்பாக்கிக் கூண்டுக்குள் நுழைவது? அதிலும் பி-17-இன் வயிற்றுக்குக் கீழே தொங்கும் உருண்டைக் கூண்டில் ஆள் முழங்காலை மடித்துக்கொண்டுதான் கிடக்க முடியும். விரல் விஷயம் இன்னும் மோசம். மெல்லிய உருளைமேல் கனம் கூட்டக் கூட்ட வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போகும், சூடு வெளியேற இடமும் கூடும். ஓர் அளவுக்கு மேல் கையுறையைத் தடிமனாக்குவதில் பிரயோஜனமே இல்லை.

ஆக, சூட்டைப் பிடித்துவைப்பதோடு நில்லாமல் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். அங்கேதான் அந்த நீல உடுப்பு வருகிறது. மின்சாரத்தால் உடுப்பைச் சூடாக்கும் யோசனை முதல் உலகப் போரிலேயே இருந்தது. அமெரிக்கர்களின் எஃப்-1 உடுப்பு வெளிர்நீலம், உடம்போடு ஒட்டியது, துணிக்குள் மெல்லிய கம்பிகள் வளைந்து வளைந்து ஓடும். ஆட்கள் அதற்கு ‘நீல முயல்’ என்று பெயர் வைத்தார்கள். விமானத்தின் 24 வோல்ட் மின்சாரத்தில் செருகிக்கொண்டு, குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். சட்டை, கையுறை, செருப்பு எல்லாம் ஒன்றோடொன்று இணைப்பு.

பிரச்சினை அந்த இணைப்பில்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்துவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைவது போல, செருப்பில் ஒரு கம்பி அறுந்தால் உடுப்பு முழுவதும் செத்துப்போகும். முழங்கால், முழங்கை மடியும் இடத்தில்தானே கம்பி அறும்? ஆள் ஆறு மணி நேரம் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பார். அவசரத்துக்குச் சிறுநீர் கழிக்கும் குழாய் உறைந்துபோய், உடுப்பிலேயே நனைந்து, அதனால் பனிக்கடி வாங்கியவர்களும் உண்டு. சில இடத்தில் கம்பி உரசித் தோலைச் சுட்டதும் உண்டு. ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் உறையும்.

1943-இல் எஃப்-2 வந்தபோது மின்சுற்றைப் பிரித்து இணையாக ஓட்டினார்கள். ஒரு கை போனால் மற்ற கை வேலை செய்யும். 1944-இல் வந்த எஃப்-3 இன்னும் இலேசு, மேலே வேறு ஜாக்கெட் போட்டுக்கொள்ளத் தோதானது. செம்பில் மனித உருவம் ஒன்று செய்து, அதற்குள் சூடேற்றி, இந்த உடுப்புகளை மாட்டி எங்கெங்கே எவ்வளவு சூடு போகிறது என்று ஆய்வகத்தில் அளந்தார்கள். கையுறைக்குள் மெல்லிய பட்டு அல்லது ரேயான் கையுறை ஒன்று சேர்ந்தது. தடித்ததைக் கழற்றினாலும் இரும்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு படலம் இருக்கும். எத்தனை விரல்கள் அதனால் தப்பின! பின்னால் வந்த பி-17-களில் இடுப்பு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு மூடினார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய சீர்திருத்தம் அந்தக் கண்ணாடிதான். 1917-இல் காட்டனின் அழுக்கு ஓவரால் சொன்னதை விமானத்துக்குச் செய்ய 1944 வரை ஆகியிருக்கிறது.

பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானத்தில் இதே கதை வேறு மாதிரி. சூடான காற்று வரும் துளை வயர்லெஸ் இயக்குபவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் சட்டையை அவிழ்த்துவிட்டு உட்காரும் அளவுக்குச் சூடு. வாலில், மற்ற எல்லாரையும் விட்டுத் தனியாக, ஒரு கூண்டில் உட்கார்ந்திருந்த கன்னருக்கு அதில் ஒரு துளியும் போகாது. இரவில் எதிரி விமானம் நிழல் மாதிரி வரும். கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மறைப்பில் ஒரு சின்னக் கீறலோ அழுக்கோ இருந்தால் விமானம் என்று ஏமாந்துபோவார்கள். அதனால் கண்ணுக்கு நேரே இருந்த பெர்ஸ்பெக்ஸையே வெட்டி எடுத்துவிட்டார்கள். தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக மைனஸ் 30, 40 காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்தவர்கள் அவர்கள். மின்சூடு உடுப்பு, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று ஏறக்குறைய உருண்டையாகித்தான் அந்தக் கூண்டுக்குள் இறங்குவார்கள்.

மற்ற நாட்டவர் கதையைச் சுருக்கிவிடுகிறேன். சோவியத் விமானிகள் நாய் உரோமம் வைத்த உயரமான பூட்ஸ் போட்டார்கள். ஜப்பானியர் முயல் உரோமக் காலர் வைத்தார்கள். மேலே போட்ட மிதவை ஜாக்கெட்டில் இலவம்பஞ்சு அடைத்திருக்கும், கடலில் விழுந்தால் மிதக்கவும் ஆயிற்று, மார்புக்குக் கதகதப்பும் ஆயிற்று.

வியர்வையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதற்கு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1942 முதல் 1945 வரை அசாமின் சபுவா, தின்ஜன் போன்ற தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு விமானங்கள் பறந்தன. மழைக்காலத்து அசாமில் ஓடுபாதையில் நின்றாலே முதுகில் ஆறு ஓடும். அங்கே செம்மறித்தோலை மாட்டிக்கொண்டு புறப்பட்டால் என்ன ஆகும்? உள்சட்டை நனையும், உரோமம் நனையும். அரை மணி நேரத்தில் 15,000 அடிக்கு மேலே போனதும் அந்த ஈரம் அப்படியே உறையும். தரையில் கதகதப்பாக இருந்த உடுப்பு மேலே பனிச்சட்டை. இங்கிலாந்திலும் இதே தொல்லைதான், அளவில் குறைவு. கிளம்பும் வரை முழுசாக உடுத்தாதே, மெதுவாக உடுத்து, உடுப்பை உலரவைத்து வை என்று ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. முகமூடியிலும் இதே கதை. விடும் மூச்சின் ஈரம் ஆக்ஸிஜன் குழாயில் உறைந்து அடைக்கும்; அவ்வப்போது கையால் பிசைந்து பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தவருக்கு மயக்கம் வரும், மயங்கியவரின் விரல்கள் முதலில் உறையும்.

செம்மறித்தோலுக்கு முடிவு கட்டியது இந்த ஈரம்தான் என்று சொல்லலாம். 1943-இல் அமெரிக்கர்கள் தோலைக் கைவிட்டு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்குள் அல்பாகா உரோமம் வைத்த பி-10, பிறகு பி-15 என்று துணிக்கு மாறினார்கள். இலேசு, சீக்கிரம் உலரும், தைக்கவும் சுலபம். ஜெட் காலத்தில் நைலான் எம்.ஏ.-1 வந்தது, இன்று கல்லூரிப் பையன்கள் ‘பாம்பர் ஜாக்கெட்’ என்று போட்டுக்கொண்டு திரிவது அதன் பேரப்பிள்ளை. 1944-இல் போருக்கு வந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தில் ஆட்கள் இருக்கும் அறைகளையே அழுத்தமூட்டிச் சூடாக்கினார்கள். அதற்குப் பிறகு பறக்கும் உடுப்பின் வேலை குளிரைத் தடுப்பது என்பதிலிருந்து மாறி, தீயைத் தாங்குவது, திருப்பங்களில் இரத்தத்தைத் தலையில் நிறுத்துவது என்று வேறு திசையில் போயிற்று. அந்த உடுப்புகள் எனக்கு அவ்வளவாகச் சுவைப்பதில்லை. அவற்றில் தையல்காரரைவிட இரசாயனக்காரரின் கைதான் அதிகம்.

கடைசியாகக் காலணி. மின்சூடு உடுப்பின் பெரிய பலவீனம், பிளக்கைப் பிடுங்கியதும் அது வெறும் மெல்லிய துணி என்பது. விமானம் அடிபட்டுக் குதித்தவர் கம்பி வைத்த மெல்லிய செருப்போடு பனியில் இறங்குவார். அதனால் அமெரிக்கர்களில் பலர் நடப்பதற்கான சாதாரண பூட்ஸைப் பாராசூட் பட்டையில் கட்டிக்கொண்டே பறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் உரோம பூட்ஸுக்கு வேறு வியாதி: பாராசூட் விரியும் உதறலில் காலைவிட்டு உருவிக்கொண்டு போய்விடும். போகாமல் நின்றாலும், எதிரி நாட்டுக் கிராமத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் இவன் விமானி என்று குழந்தைகூடச் சொல்லும். சிறைப்பட்டவர்கள் தப்பிக்க உதவிய எம்.ஐ.-9 பிரிவில் கிளேட்டன் ஹட்டன் என்று ஒருவர் இருந்தார், இந்த மாதிரித் தந்திரங்களில் மன்னன். அவர் கைவண்ணத்தில் 1943-இல் புது பூட்ஸ் வந்தது. மேல்பகுதி செம்மறித்தோல், கீழ்ப்பகுதி கட்டிய நாடாவோடு கூடிய கறுப்பு ஷூ. உள்ளே சின்னப் பையில் ஒரு கத்தி. தரையில் இறங்கியதும் மேல்பகுதியை அறுத்து எறிந்துவிட்டால், காலில் மிச்சமிருப்பது பிரான்சின் எந்தக் குமாஸ்தாவும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற சாதாரண ஷூ.